ஆட்டம் கலெக்‌ஷன்

திருப்பூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டியின் மேல்
இங்கிலீஷில் ஒரு சொல்.
எழுத்துக் கூட்டி “ஆட்டம்” என்றாள் ஜெனோவா.
என்ன ஆட்டம்?
இலை உதிர்கிற காலமாம்,
சூப்பர்வைசர் செல்போனில் பார்த்துச் சொன்னார்.
எந்த ஊரில் என்று சொல்லவில்லை.

ராமநாதபுரத்துப் பனைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.
சீமைக்கருவேலம் எதற்கும் மசியாது.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாதாமரம் மட்டும்
நினைத்துக்கொண்டால்
ஓர் இலையைச் சிவக்கவைத்து
டீக்கடை பெஞ்சில் போடும்.

பெட்டிக்குள் ஏழு கோட்டு, முழங்கால் நீளம்.
நிறம்: துரு. விலை: ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
துருவுக்கா காசு?
எங்கள் கதவுக் கீலுக்கெல்லாம்
கடற்காற்று சும்மாவே பூசிவிட்டுப் போகிறது.

தீபாவளி முடியும்வரை நின்றோம்.
முப்பத்திரண்டு நாள்,
கடைசிக் குடும்பம் கடைசிச் சட்டையை
“வேற கலர் இருக்கா” என்று கேட்டு முடிக்கும்வரை.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை லீவு,
மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல, தப்பித்தவறி.

அரக்குச் சீருடைச் சேலை ஆணியில் தொங்கியது.
ஜெனோவா எலுமிச்சை மஞ்சளில் சுடிதார்.
ராபியா முக்காட்டுக்குக் கல் வைத்த ஊசி.
நான் கோட்டு.
வாங்கவில்லை.
முந்தின ராத்திரி டிபன் பைக்குள் மடித்து எடுத்துவந்தேன்.
விலைச்சீட்டைக் கைக்குள் செருகி ஒரு குண்டூசி.
புதன் காலை பொம்மைக்குத் திருப்பிப் போட்டுவிட்டால்
பொம்மையா சொல்லப்போகிறது?

உச்சிப்புளி வரைக்கும் பஸ்ஸில் இடம் கிடைத்தது.
உட்கார்ந்தோம்.
அதற்கே டிக்கெட் எடுத்த மாதிரி
அழுத்தி உட்கார்ந்தோம்.
ஜன்னலுக்கு வெளியே
புழுதியில் விதைத்த நெல் பச்சை பிடித்திருந்தது.
கண்மாயில் கால்வாசி தண்ணீர், முக்கால்வாசி வானம்.

அரியமான் கரைச் சவுக்குகள்
யாரோ கூப்பிட்ட பக்கமாகச் சாய்ந்து நின்றன.
வாடை விழுந்துவிட்டது, இனி வடகடல் முறைக்கும் என்றாள் ஜெனோவா.
அவள் அப்பாவும் சித்தப்பாவும்
வலையைத் தூக்கிக்கொண்டு தென்கடலுக்குப் போய்விட்டார்கள்.
கடலுக்கே சீசன் பார்த்துக்
கரை மாற்றுகிற வீடு அவளுடையது.

படம் எடுத்தார்கள்.
கோட்டின் இடுப்புப்பட்டை காற்றில் எழும்பிப் படபடத்தது.
வெளியே நான் வெளிநாடு,
உள்ளே வேர்த்து ஊற்றுகிறது.
“பின்னாடி பனிமலை இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நில்லு” என்றாள் ராபியா.
பின்னால் ஒரு ஆடு
சுண்டல் காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ரெண்டு மணிக்குக் கிழக்கே கறுத்தது.
எனக்கு அடிவயிறு கலங்கியது.
ஒரு துளி பட்டாலும் சம்பளத்தில் பிடித்தம்.
பிரியாணிப் பொட்டலங்களை மடியில் கொட்டி
கேரிபேக்கைக் காலி செய்தோம்.
கோட்டைக் கழற்றி,
தோளுக்குத் தோள், கைக்குக் கை,
கடையில் மடிப்பதுபோலவே மணலில் மண்டியிட்டு மடித்தோம்.
பையை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டேன்.
ஆளை மூடத்தானே கோட்டு?
அன்றைக்கு அதற்கு
நான்தான் குடை.

சவுக்குக்கு அடியில் ஓடியிருக்கலாம்.
யாருக்கும் எழுந்திருக்க மனசில்லை.
உட்கார்ந்தபடியே நனைந்தோம்,
சோறு நனைய, ஊசிக்கல் மின்ன,
மஞ்சள் சாயம் மெதுவாக ஜெனோவாவின் முழங்கையில் இறங்க.
“நம்ம கடைத் துணிதான்” என்றாள்.
வாயில் இருந்த முட்டை புரையேறும்வரை சிரித்தோம்.

புதன்கிழமை.
தலையில்லாத பொம்மைக்கு மாட்டிவிட்டேன்.
மதியம் ஒரு பரமக்குடி அம்மா,
மகனைப் பார்க்கக் கனடா போகிறாராம்,
கோட்டின் ஓரத்தைத் தடவிக் கேட்டார்:
“காத்துக்குத் தாங்குமா?”

“தாங்கும்மா, நான் போ…”
நாக்கைக் கடித்துக்கொண்டு
பில் கவுண்டர் பக்கம் கையைக் காட்டினேன்.

இடது பைக்குள் ஒரு சிட்டிகை மணல் இருக்கிறது.
தட்டிவிடவில்லை.
கனடாவில் ஏதாவது பனிநாளில்
அந்த அம்மா கையை விட்டுப் பார்க்கட்டும்.